கதவ தொற

எடைமேடைக் கணினி கேட்கும்:
வண்டி எண்?
சரக்கு?
காலி எடை?
நான் அடிப்பேன், அது அடுத்ததைக் கேட்கும்.
ஏழு வருடமாக இதே விளையாட்டு.
ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை,
ரசீது மட்டும் வரும்.

அதனால்தான் தோன்றியிருக்கும்,
எழுத்தாலேயே ஓர் அறை கட்டலாமென்று.
படம் வேண்டாம். துப்பாக்கி வேண்டாம்.
இருட்டு, ஒரு விளக்கு, ஒரு கதவு.
ஆடுகிறவர் செய்ய நினைப்பதை டைப் செய்வார்.
அறை பதில் சொல்லும்.

கருவி தேடினேன்,
மேஜையின் மறுபக்கம் என் பழைய லேப்டாப்பில்,
திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர்கள்
ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்து நிற்கும் இரவுகளில்.

முதலில் கிடைத்தது
நிரலையே வாக்கியமாக எழுதச் சொன்னது.
'சமையலறை ஓர் அறை' என்றால் போதும்,
சமையலறை எழுந்து நிற்கும்.
இங்கிலீஷில்.
வினை முன்னால் ஓடிவரும் ஊர் அது.
நம் வினை கடைசியில்தான் வந்து சேரும்,
மணலி லோடு மாதிரி.

அடுத்தது பெட்டி பெட்டியாய்,
பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி.
தமிழ் சண்டையில்லாமல் உட்கார்ந்தது.
ஆனால் ஆடுகிறவர் எதையும் டைப் செய்ய முடியாது,
நான் வைத்த இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும்.
பச்சரிசியா புழுங்கலா என்று
ரேஷன் கடையில் கேட்பதுபோல.

இன்னொன்று 'கொ'வின் கொம்பைத் தனியே,
காலைத் தனியே கழற்றிப் போட்டது,
ஷெட்டில் பிரித்த லாரி.
அதற்கடுத்ததில் வெறும் கட்டங்கள்.

கடைசியில் பைத்தான்.
ஓர் அகராதி, ஒரு சுற்று,
வந்த வரியை இடைவெளியில் வெட்டு.
கடைசிச் சொல் வினை, முந்தியது பொருள்.
'கதவைத் திற'.
நடுவில் அந்த த்.
பள்ளியில் என் மார்க்கைப் பிடுங்கிய அதே த்.
அதை உரித்தேன். ஐயை உரித்தேன்.
மிஞ்சியது கதவ.
கதவு இல்லை. கதவ.
அந்த உகரத்தை மூன்று இரவு தேடினேன்.

நான்காம் இரவு கன்னியப்பன்.
எர்ணாவூர்க்காரர், இருபத்திரண்டு சக்கரம்,
முன்னால் இன்னும் பதினொரு வண்டி.
"இன்னாபா, சும்மா எழுத்தா ஓடுது?"
உட்கார வைத்தேன்.
ஒற்றை விரலால் அடித்தார்:

கதவ தொற

நான் குப்பையென்று ஒதுக்கி வைத்த மிச்சத்தை
அவர் முழுச் சொல்லாக அடித்திருந்தார்.
கதவு, கதவை, கதவைத்,
எதைச் சீவினாலும்
கன்னியப்பன் வாயில்தான் போய் நிற்கிறது.
விளக்கும் அப்படியே. பெட்டியும் கிட்டத்தட்ட.
சாவி மட்டும் அடங்கவில்லை,
அதற்குத் தனி வரி.
'திற'வுக்குப் பக்கத்தில் 'தொற' ஏறியது.

கிழக்கே ஒரு வழி தெரிகிறது, என்றது அறை.
"கெயக்குன்னா?"
"கடல் பக்கம்."
"கடலாண்டன்னு சொல்லு, அத்த வுட்டுட்டு."
நடுநடுவே வண்டி எடை போட்டுக்கொண்டே
நான்கு திசையையும் மாற்றினேன்:
கடலாண்ட, தண்டவாளத்தாண்ட,
எண்ணூராண்ட, டவுனாண்ட.
அறைக்குள் கொஞ்சம் உப்புக்காற்று வந்த மாதிரி இருந்தது.
அப்படியொரு வரி நான் எழுதவே இல்லை.

விளக்கை ஏற்றினார். கதவைத் திறந்தார்.
பின்வண்டி ஹாரன் அடித்தது.
எழுந்தவர் குனிந்து இன்னொரு வரி அடித்தார்:
தோ வரேன் இரு

அறை சொன்னது:
'இரு' எனக்குத் தெரியாத சொல்.

நாற்பத்தொன்பதாயிரத்து அறுநூறு கிலோ.
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
கையாட்டிவிட்டுப் போனார்.

'இரு'வை அகராதியில் சேர்த்தாயிற்று.
பதில் இன்னும் எழுதவில்லை.
உள்ளே விளக்கு எரிகிறது,
கதவு திறந்து கிடக்கிறது
கடலாண்ட.